எடுத்த இடம்

தம்பி,

ஞாயித்துக்கிழமை பூசையில உன் பேரையும் ஸ்டெல்லா பேரையும் சேர்த்து முதல் கல்யாண ஓலை வாசிச்சாங்க. பாதர் உன் பேரைச் சொன்னதும் உங்கப்பா பக்கத்துல இருந்தவரை முழங்கையால ஒரு இடி இடிச்சாரு, என்னமோ அவருக்கே மறுபடியும் கல்யாணம் மாதிரி. நான் முக்காட்டைச் சரி பண்ற சாக்குல கண்ணைத் தொடச்சிக்கிட்டேன். வெளிய வந்தா ஆளாளுக்குக் கேக்கறாங்க, பொண்ணு எங்க எடுத்திருக்கீங்கன்னு. பொம்மையார்பாளையத்துல எடுத்திருக்கோம்னு நானும் வாய் நிறையச் சொல்லிக்கிட்டே வந்தேன். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போதுதான் அந்த 'எடுத்த'ங்கற வார்த்தை எனக்குச் சுருக்குனு பட்டுது. கை தானா வயித்து மேல போச்சு. ஏன்னு இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உனக்கே தெரியும்.

இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜா அனுப்பியிருக்கலாம். ஆனா நீ அம்மா பேசறதை வேகமா ஓட விட்டுக் கேக்கற ஆளு, எனக்குத் தெரியாதா. பேப்பர்ல எழுதினா ஓட விட முடியாது பாரு. அதான் உன்னோட பழைய நோட்டு ஒண்ணைத் தேடி எடுத்து, பின்பக்கம் காலியா இருந்ததுல எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா சிரிச்சிக்கோ. எட்டாவதோட நின்னவ நான்.

முந்தாநாள் போன்ல நீ ஒண்ணு சொன்ன. மறுவீடெல்லாம் வேணாம்மா, லீவு மூணு நாள்தான், தாலி கட்டின மறுநாளே ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பிடறோம், ஸ்டெல்லாவோட அம்மா ஒண்டி ஆளு, அவங்களுக்கும் விருந்து வைக்கிற சிரமம் மிச்சம்னு. ஸ்டெல்லாவும் சரின்னு சொல்லிட்டாளாம். சம்பந்தியம்மாவும், உங்க சௌகரியம் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டாங்களாம். எல்லாரும் சரின்னுட்டாங்க, நீயும் நிம்மதியாயிட்ட. நானும் சரிப்பான்னுதான் போனை வெச்சேன். ஆனா எனக்குப் பிடிக்கலைடா. ராஜா மாதிரி பையன், ஆசையா கட்டற பொண்ணு, எல்லாம் நல்லாத்தான் நடக்குது, எனக்கு மனசு நெறைஞ்சுதான் இருக்குது. இந்த ஒண்ணு மட்டும் முள்ளு மாதிரி நிக்குது. மறுவீட்டை விடாதன்னு சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வலது மார்ல கட்டின்னு கண்டுபிடிச்சப்போ, பாண்டிச்சேரி டாக்டர் மாரை எடுத்தே ஆகணும்னு சொன்னாரு. எடுத்துட்டு, வேணும்னா உங்க வயித்துச் சதையையே எடுத்து அங்க வெச்சுத் தரலாம்னும் சொன்னாரு. உங்ககிட்டயெல்லாம் நான் என்ன சொன்னேன்? டாக்டர் வெச்சே ஆகணும்னு கட்டாயப்படுத்தறாருன்னு சொன்னேன். அது பொய். அவரு எதையும் கட்டாயப்படுத்தலை. யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னுதான் சொன்னாரு. வேணும்னு கேட்டது நான்தான். அந்த வயசுல எனக்கு அது வேணும்னு உன்கிட்டயும் உங்கப்பாகிட்டயும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பேரன் எடுக்கற வயசுல இவளுக்கு என்ன அலங்காரம்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம்.

ஏன் வேணும்னு தோணுச்சு தெரியுமா? நம்ம உப்பளத்துப் பாத்தியில என்கூட உப்பு வாருவாளே தனம், அவளுக்கு என்னைவிட முன்னாடியே ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. ரவிக்கைக்குள்ள துணியைச் சுருட்டி வெச்சிக்கிட்டு வருவா, மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்குவா. ஒரு நாள் குனிஞ்சு உப்பு வாரற பலகையை இழுக்கும்போது அந்தத் துணி நழுவி பாத்தித் தண்ணியில விழுந்துடுச்சு. சுத்தி எல்லாரும் இருந்தோம். யாரும் சிரிக்கலை. அவ அதை எடுத்துப் பிழிஞ்சா, அந்த உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட உள்ள வெச்சிக்கிட்டு மறுபடி பலகையைப் பிடிச்சா. நாளெல்லாம் குனியற பொழப்பு நமக்கு. ஒட்டிக்கிட்டு இருக்கறது வேணும்னு அன்னிக்கே என் மனசுல விழுந்துடுச்சு. இதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்குது பாரு.

ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சா, இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்பு வரைக்கும் தையல். தோலைக் கீழ இழுத்து, தொப்புளுக்குப் புதுசா ஒரு ஓட்டை போட்டுத் தெச்சிருந்தாங்க. உங்கப்பா அதைப் பாத்துட்டு, முன்னைக்கு இப்ப லட்சணமா இருக்குதுன்னாரே, சிரிச்சா தையல் பிரிஞ்சிடுமோன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். ரெண்டு வாரம் நிமிரக்கூடாதுன்னுட்டாங்க. நடந்தாலும் குனிஞ்சுதான், படுத்தாலும் முட்டியை மடக்கித்தான். வார்டுல மத்தவங்க இடுப்பு வலிக்குதுன்னு அழுவாங்க. எனக்கு அது ஒரு பெரிய விஷயமா? முப்பது வருஷமா குனிஞ்சவளுக்குக் குனின்னு சொன்னா, நல்லதுங்கன்னு சொல்லிட்டேன்.

அங்க இருந்தப்போ வர்றவங்க எல்லாரும் பாத்தது மாரைத்தான். பெரிய டாக்டர் வருவாரு, சின்ன டாக்டர் வருவாரு, பேனா மாதிரி ஒண்ணை வெச்சு உள்ள ரத்தம் ஓடுதான்னு கேப்பாங்க. உஷ் உஷ்னு சத்தம் வரும். நீ வயித்துல இருக்கும்போது ஸ்கேன்ல கேட்ட அதே மாதிரி சத்தம். எனக்கு அப்ப ஒண்ணு தோணுச்சு, உன்கிட்ட சொன்னதில்லை. நீ இருந்த வயித்துச் சதை, நீ பால் குடிச்ச இடத்துக்குப் போயிருக்குது. இதை நெனைச்சு ஒரு சாயங்காலம் முழுக்கச் சிரிச்சிக்கிட்டே கெடந்தேன். சந்தோஷமா இருந்துச்சுடா.

அந்த வார்டுல பர்வீன்னு ஒரு நர்ஸ் பொண்ணு, கூனிமேட்டுக்காரி. உன் வயசுதான் இருக்கும். அவ மட்டும் வந்ததும் நேரா என் வயித்துக் கட்டை அவிழ்ப்பா. நான், மாரைப் பாரும்மா, அதான முக்கியம்னேன். அவ சொன்னா, "வெச்ச இடத்தைப் பாக்க பத்து பேரு இருக்காங்கம்மா. எடுத்த இடத்தை யாரு பாக்கறது?" ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் பேசிக்குவாங்க, வெச்ச இடம், எடுத்த இடம்னு. எப்படி இருக்கீங்கன்னு கேப்பா, நல்லா இருக்கேன்னு சொல்லுவேன், அவ அதைக் காதுலயே வாங்க மாட்டா. உள்ளங்கையை வெச்சு வயித்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவா அழுத்திப் பாத்துட்டுத்தான் போவா. ஒரு வாரத்துல ரிவ்யூவுக்கு வாங்க, தவறாம வாங்கன்னு சீட்டுல பெருசா எழுதிக் குடுத்தா.

நான் போகலை.

ஏன் போகலைன்னு உனக்குத் தெரியாது. அன்னிக்குத்தான் நீ ஓசூருக்குக் கிளம்பற நாளு. பதினஞ்சு நாள் லீவு போட்டு என்கூடவே ஆஸ்பத்திரியில கெடந்துட்டுப் போற பையனுக்கு, ஒரு வேளை நண்டுக் குழம்பு வெச்சுப் போட்டு அனுப்பணும்னு எனக்கு ஆசை. மாரு நல்லா இருக்குது, ரத்தம் ஓடுது, அப்புறம் ரிவ்யூவுக்கு என்ன அவசரம்னு தோணுச்சு. ஆஸ்பத்திரியில போன் பண்ணி அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னேன். அதுவும் பொய்தான். எண்ணிக்கிட்டே வா, ரெண்டு ஆச்சு.

உன்னைத் தப்பு சொல்லலை, அதை முதல்ல புரிஞ்சிக்கோ. குழம்பு வெச்சது என் ஆசை, பொய் சொன்னது என் வாயி.

அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் பெரிய கூத்து. வயித்துல இருந்து நீர் வெளிய வர்றதுக்கு ட்யூப் போட்டிருந்தாங்க இல்லையா, அதை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துட்டாங்க. எடுத்த ஓட்டையில வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா நீர் கசிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அதைப் பாத்தா ஆவலை. நம்ம ஜனத்துக்குக் கசிவுன்னா என்ன? பாத்திக் கரையில ஒரு நண்டு வளை போட்டு, அது வழியா தண்ணி கசிஞ்சா தூக்கம் வருமா? களிமண்ணை அள்ளி வெச்சு மிதிச்சு அடைச்சாத்தான் மனசு ஆறும். நான் அதையேதான் பண்ணேன். பஞ்சை உருட்டி ஓட்டையில வெச்சு, மேல பிளாஸ்திரி ஒட்டினேன். ஆஸ்பத்திரி பெல்ட்டு வேர்க்குதுன்னு கழட்டிப் போட்டுட்டேன். தனம் ஒரு பழைய புடவையைக் கிழிச்சு எடுத்துட்டு வந்தா. பிள்ளை பெத்தவளுக்கு வயிறு கட்டுவோம் பாரு, அந்த மாதிரி நான் மூச்சைப் பிடிச்சுக்க அவ காலை ஊனிக்கிட்டு இறுக்கிக் கட்டினா. கசிவு நின்னுடுச்சு. ஒரு சொட்டு வரலை. ரெண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரிங்கன்னு பேசிக்கிட்டு டீ குடிச்சோம்.

ஆறாம் நாளு குளிர் ஜுரம். புடவையை அவிழ்த்தா வயிறு தண்ணிப் பை மாதிரி குலுங்குது. தொப்புளுக்குக் கீழ தையல் ஓரம் கறுத்துப் போய் ஒரு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்திருக்குது. நீ அன்னிக்குச் சாயங்காலம் போன் பண்ண, எப்படிம்மா இருக்கன்னு கேட்ட. நான் நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டியான்னு கேட்டேன். போர்வையைப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டேதான் கேட்டேன். சாம்பார் சாதம்னு சொன்ன. அது ஞாபகம் இருக்குது எனக்கு.

மறுநாள் உங்கப்பா என்னை பாண்டிச்சேரி பஸ்ஸுல ஏத்தறதுக்குள்ள அவருக்கே ஜுரம் வந்துடும் போல இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பர்வீன்தான் முதல்ல பாத்தா. பஞ்சைப் பிடுங்கினா, அந்தப் புடவைக் கட்டைக் கையில பிடிச்சிக்கிட்டு என்னையே பாத்தா. இவ்வளவு இறுக்கினா தோலுக்கு ரத்தம் எப்படிப் போகும்னு திட்டினா. அப்புறம் குரலைத் தணிச்சுக் கேட்டா, "கசியறது நல்லதும்மா. அது வெளிய வரத்தான் ஓட்டை. அதை எதுக்கு அடைச்சீங்க?" எங்க ஊர்ல அடைப்போம்னு சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, எனக்கும் வந்துடுச்சு, அந்த ஜுரத்துலயும்.

ஊசியைப் போட்டு நீரை இழுத்தாங்க. அடுத்த வாரம் மறுபடி கோத்துக்கிச்சு, மறுபடி இழுத்தாங்க. அஞ்சு தடவை ஆச்சு அது வத்தறதுக்கு. திறந்த புண்ணு மூடறதுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல கட்டு மாத்தினாங்க. அவ்வளவு நாளும் மாரு என்னமோ மகாராணி மாதிரி ஒரு குறையும் இல்லாம உக்காந்திருந்துச்சு. எல்லாரும் எதைப் பாத்தாங்களோ அது நல்லா இருந்துச்சு. எதை யாரும் பாக்கலையோ அது வாயைத் திறந்துச்சு.

உனக்கு விஷயம் தெரிஞ்சு நீ ஓடி வந்தியே, அந்தக் கோவம் எனக்கு மறக்காது. வாசல்ல பையைக் கூட கீழ வைக்காம, "எதுக்கும்மா என்னைப் பெத்த, சொல்லக்கூட மாட்டியா?"ன்னு கத்தின. உங்கப்பா உள்ள போயிட்டாரு. நான் உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நெனைச்சேன்னு சொன்னேன். ஆனா உண்மை அது மட்டும் இல்லை. நீ பாலிடெக்னிக் சேர்ந்த முதல் மாசம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணி அழுத இல்லை? ஆம்பளைப் பிள்ளை அழுவறதா, போனை வையின்னு சொன்னேன். நீயும் வெச்சிட்ட. அதுக்கப்புறம் நீ அழுது நான் கேட்டதே இல்லை. அன்னிக்கு நான் அடைச்சதும் பஞ்சு உருட்டித்தான். உன்னை அடைச்சேன், என்னையும் அடைச்சிக்கிட்டேன், ரெண்டும் ஒரே கை வேலைதான். மன்னிச்சுக்கோடா கண்ணு. அப்ப சொல்லத் தெரியலை, இப்ப சொல்றேன்.

இப்ப என் வயிறு எப்படி இருக்குதுன்னு கேட்டா, இடது பக்கம் கீழ கொஞ்சம் சரிஞ்சிருக்குது. சதை தளர்ந்து போச்சு, குடலெறக்கம் இல்லைன்னு டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. வலி எடுத்தா உள்ள வலை மாதிரி ஒரு துணி வெச்சுத் தெச்சிடலாம், இல்லைன்னா பெல்ட்டு போட்டுக்கிட்டு, வெயிட்டு தூக்காம இருங்கன்னாரு. தொப்புளுக்குக் கீழ இன்னும் உணர்ச்சி வரலை, தொட்டா யாரோ பக்கத்து வீட்டுக்காரி வயித்தைத் தொடற மாதிரி இருக்கும். கூடை சுமக்க முடியாதுங்கறதால என்னை உப்பு பாக்கெட் போடற ஷெட்டுக்கு மாத்திட்டாங்க. நெழல்ல உக்காந்துக்கிட்டு வேலை. பாத்தியில இருக்கறவளுங்க, ஆபீசரம்மா வர்றாங்கன்னு என்னைக் கிண்டல் பண்றாளுங்க. பண்ணட்டும். இத்தனை வருஷம் கழிச்சு என் காலு வெடிப்பு ஆறியிருக்குது. கண்ணாடியில பாத்தா ரெண்டு பக்கமும் சமமா இருக்குது. நான் சந்தோஷமாத்தான் இருக்கேன், இதுல பொய் இல்லை. அந்த ஆபரேஷனை மறுபடி பண்ணிக்குவியான்னு கேட்டா பண்ணிக்குவேன். ரிவ்யூவுக்கு மட்டும் ஒழுங்கா போவேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். ஸ்டெல்லா நம்ம வீட்டுக்கு வர்றா. அவ வெச்ச இடத்துல நல்லாத்தான் இருப்பா. நீ தங்கமா பாத்துக்குவ, நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன், உங்கப்பாவோ இப்பவே மருமகளுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி அதுல யாரையும் உக்கார விட மாட்டேங்கறாரு. பாக்கறதுக்குப் பத்து பேரு இருக்கோம். ஆனா எடுத்த இடம்னு ஒண்ணு இருக்குதுடா. அங்க ஒரு வீட்டுல ஒரு அம்மா மட்டும் இருக்காங்க. இருபத்தஞ்சு வருஷமா தினமும் ரெண்டு தட்டு வெச்ச எடத்துல இனிமே ஒரு தட்டு. அவங்க உன்கிட்ட உங்க சௌகரியம் மாப்பிள்ளைன்னு சொன்னாங்க பாரு, அதைக் கேட்டதும் எனக்கு ஜுரத்துல நடுங்கிக்கிட்டே உன்கிட்ட கேட்ட அந்தச் சாம்பார் சாதம் ஞாபகம் வந்துடுச்சு.

மறுவீட்டை விருந்துன்னு நெனைக்கிற நீ. கோழி அடிச்சு, வேட்டி குடுத்து, போட்டோ எடுக்கறதுன்னு நெனைக்கிற. நம்ம பெரியவங்க எதுக்கு வெச்சாங்களோ எனக்குத் தெரியாது. ஆனா நான் இப்ப அதை ரிவ்யூன்னுதான் நெனைக்கிறேன். எடுத்தமே, எடுத்த இடம் எப்படி இருக்குதுன்னு போய்ப் பாக்கற நாளு. அதைத் தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு உங்கம்மா வயித்துல கோடு போட்டு எழுதியிருக்குது. போய் ஒரு வாரம் லீவு கேளு. குடுக்கலைன்னா கூட ரெண்டு நாளாவது சேர்த்துக் கேளு. விருந்து வேணாம்னு நீயே சொல்லிடு, வாசல்ல நின்னு, அத்தை கஞ்சி போதும்னு சொல்லு. ஆனா போ.

இன்னொண்ணு. ஓசூருக்குப் போனதுக்கு அப்புறம் ஒரு நாள் ஸ்டெல்லா காரணமே இல்லாம அழுவா. காய் நறுக்கும்போது, இல்லைன்னா துணி மடிக்கும்போது. உனக்கு உடனே கை பரபரக்கும், நம்ம ரத்தம் அப்படி. எதுக்கு அழற, நான் இல்லையா, வா பிரியாணி சாப்பிடப் போலாம்னு அடைக்கப் பாப்ப. அடைக்காத. பக்கத்துல உக்காரு. கசியட்டும்.

இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் ஓலையும் மூணாம் ஓலையும் வாசிக்க இருக்குது. அதுக்குள்ள நீ யோசிச்சு எனக்கு ஒரு பதில் சொல்லு. நீ மறுவீட்டுக்குப் போற அன்னிக்கே எனக்கும் ஆஸ்பத்திரியில வருஷத்து ரிவ்யூவை வெச்சிக்கச் சொல்லி பர்வீன்கிட்ட பேசிட்டேன். நாம எல்லாரும் ஒரே பஸ்ஸுல போவோம். நீங்க ரெண்டு பேரும் பொம்மையார்பாளையத்துல எறங்கிக்கோங்க, நானும் உங்கப்பாவும் அப்படியே பாண்டிச்சேரிக்குப் போயிக்கறோம்.

எறங்கிப் போனதும் செருப்பைக் கழட்டிட்டு, முதல்ல ஸ்டெல்லாவோட அம்மாகிட்ட போய் உக்காரு. எப்படி இருக்கீங்க அத்தைன்னு கேளு. நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டியான்னு கேப்பாங்க. நம்பாத. நானும் அப்படித்தான் கேட்டேன்.

உன் அம்மா